சைராவைத் தூக்கத் தெரிந்தவர்

“நீங்க எறங்காதீங்க பாய். அண்ணன் நான் இருக்கேன்ல?”

கபர்க் குழியில் இறங்கப்போன மஹபூப் பாஷாவின் தோளைப் பிடித்து நிறுத்தினார் லியாகத் அலி, செத்துப்போன சைராவின் அண்ணன். மூச்சு நின்றதுமே நிக்காஹ் முறிந்துவிட்டதாம், இனி புருஷன் அந்நிய ஆளாம், தொடக்கூடாதாம். காலையிலிருந்து ஆம்பூரில் பாதிப் பேர் இதைச் சொல்லிவிட்டார்கள். பெண்கள் திரை கட்டிக் குளிப்பாட்டியபோது புருஷன் மஹபூப் பாஷா வெளியே நின்றார், வாய் திறக்கவில்லை. இப்போது திறந்தார்.

“பதினோரு வருஷமா அவள தூக்கினது யாரு பாய்? நீங்களா?”

“தூக்கித் தூக்கியே கொன்னுட்டீங்க! தசை கரையுற நோய். நடக்க முடியாதவள ஊட்டிக்கும் கொச்சினுக்கும் இழுத்துனு போனீங்க. வூட்லயே படுக்க வெச்சிருந்தா இன்னும் ரெண்டு வருஷம் இருந்திருப்பா.”

“ஆமா, படுத்துனே இருந்திருப்பா.”

மஹபூப் பாஷா வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் வருஷா வருஷம் லீவு விட்டதும் அவரும் சைராவும் கிளம்பிவிடுவார்கள். ரயிலில் அவளைத் தூக்கி ஏற்றும்போதெல்லாம் யாராவது ஒருத்தர், எந்த ஆஸ்பத்திரிக்கு என்று கேட்பார். நோயாளி வெளியூர் போனால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், இல்லாவிட்டால் தர்காவுக்கு. வேறு எதற்கும் போகக்கூடாது போலிருக்கிறது! சைரா பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வாள்: “ஆஸ்பத்திரிக்கு ஊர்ல இருக்கிறவங்கல்லாம் எங்க வேலூருக்குத்தான் வர்றாங்க. நாங்க சும்மா ஊர் சுத்தப் போறோம்.”

போன வாரம் கன்னியாகுமரி. பிளாஸ்டிக் நாற்காலியோடு கடலில் இறக்கியபோது அலை மடிவரை ஏறியது. இன்னும் கொஞ்சம் உள்ளே என்று கேட்டவள் அவள்தான். திரும்பி வந்த மூன்றாம் நாள், சொந்தக் கட்டிலில், டீ குடித்து முடித்த பிறகுதான் போனாள். ரயில் மேலும் கடல் மேலும் பழி போடுகிறவர்கள் அந்தக் கட்டிலை ஏன் விட்டுவிட்டார்கள் என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது.

“அடுத்த வருஷம் கோவான்னு சொல்லி வெச்சிருந்தா. உசுரோட இருந்திருந்தா அங்கயும் தூக்கினு போயிருப்பேன். இன்னா தப்பு? நான் எறங்கத்தான் போறேன். வேணும்னா மேல இழுத்துப் போடுங்க.”

கூட்டம் பள்ளிவாசல் ஹஜ்ரத்தின் முகத்தைப் பார்த்தது. அவர் தாடியைத் தடவிக்கொண்டார். “உடம்பச் சுத்தின கபன் துணி மேலதானே புடிக்கப் போறாரு. எறங்கட்டும், வுடுங்க.”

மஹபூப் பாஷா குதித்தார். எதிர்ப்பக்கம் லியாகத் அலியும் இறங்கினார். இருவரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. மேலே இருந்தவர்கள் சைராவை மெதுவாகத் தாழ்த்திக் கொடுத்தார்கள். மஹபூப் பாஷா அவள் முழங்காலுக்கு அடியில் கை கொடுத்துத் தாங்கினார். லியாகத் அலி தோளை இறுக்கிப் பிடித்தார்.

“தோள புடிக்காதீங்க பாய். முதுகுக்கு அடியில கை குடுங்க. அங்க புடிச்சா வலிக்கும் அவளுக்கு.”

லியாகத் அலி கையை மாற்றிக் கொடுத்தார்.