சோளக்கொல்லை பொம்மைக்கு முதல் பரிசு

1

இந்தக் கதை எனக்கு மூன்று வரிப் பேச்சாகத்தான் கிடைத்தது. ஒஹையோவில் நான் முடி வெட்டிக்கொள்ளும் கடையில், பக்கத்து நாற்காலிகளில் இரண்டு பெண்கள்.

"நாங்க எல்லாரும் கை தட்டினோம்டி."

"எவ்வளவு நேரம்?"

"அவ கத்தற வரைக்கும்."

அதற்குள் என் தலைமேல் முடி உலர்த்தும் மெஷின் உறும ஆரம்பித்துவிட்டது. அது ஓய்ந்தபோது அவர்கள் யாரோ ஒரு மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இடையில் போனது போனதுதான். கேட்டிருக்கலாம்; ஒட்டுக்கேட்டது தெரிந்துவிடுமே.

எதற்குக் கை தட்டினார்கள்? அவள் ஏன் கத்தினாள்? பேய் வேடம் போடும் ஹாலோவீன் பண்டிகை முடிந்த வாரம் அது. ஆகவே வேடப் போட்டியாக இருக்கவேண்டும். இந்த ஊரில் பெரியவர்கள் அதற்குத்தான் அப்படித் தட்டுவார்கள்.

தொடக்கம்: அக்டோபர் குளிரில், இலைகளெல்லாம் உதிர்ந்த

வேண்டாம். இலை உதிராத அக்டோபரை இங்கே யார் பார்த்தார்கள்.

இன்னொன்று: நெல்டா அன்றைக்குக் காகமாக

இதையும் விட்டேன். காகம் எதற்கென்று முதலில் சொல்லியாகவேண்டும்.

2

நெல்டா பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். க்ளைட் அவள் கணவன். டிராக்டர் டயர் விற்றவன். (இருவரும் என்னைவிட இளையவர்கள். அவன், அவள் என்றே சொல்கிறேன்.) ஊர்த் தீயணைப்பு நிலையத்தின் கூடத்தில் வருடந்தோறும் பெரியவர்களுக்கு வேடப் போட்டி. க்ளைட் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. போன வருடம் பக்கத்து வீட்டுத் தம்பதி பானியும் ராயும் உப்புக் குப்பி, மிளகுக் குப்பியாக வந்து முதல் பரிசான நீல ரிப்பனைத் தட்டிக்கொண்டு போனார்கள். அது க்ளைட்டுக்கு இன்னும் செரிக்கவில்லை.

"இந்த வருஷம் நான் தக்காளி," என்றான்.

"என்ன தக்காளி?"

"பெரிய தக்காளி. சிவப்புத் துணிக்குள்ள தலகாணி. தலையில பச்சைக் காம்பு."

"இருக்கிற தொப்பைக்குத் தலகாணி ஒரு கேடா?"

"சரி, குளியல் தொட்டி. இடுப்பச் சுத்தி அட்டையில தொட்டி. மேல பூரா வெள்ளை பலூன் ஒட்டினா நுரை."

"உள்ள என்ன போட்டுப்ப?"

"தொட்டிக்குள்ள என்ன போடுவாங்க?"

"நான் உன்கூட வரலை."

"அப்போ நீயே சொல்லு, பெரிய அறிவாளி."

நெல்டா ஓவனைத் திறந்து, வறுபடும் பூசணி விதையை ஒரு கிளறு கிளறினாள். "சோளக்கொல்லை பொம்மை," என்றாள்.

"அதான் ஊரே பண்ணுதே."

ஊரே செய்வது உண்மைதான். மிட்டாய் கேட்டுப் பிள்ளைகள் வரும் சாயங்காலம், வாசல் நாற்காலியில் வைக்கோல் திணித்த உருவம் ஒன்று மடியில் மிட்டாய்க் கிண்ணத்தோடு சாய்ந்திருக்கும். சில வீட்டில் அது வெறும் பொம்மை. சில வீட்டில் உள்ளே வீட்டுக்காரர் இருப்பார். கிண்ணத்தில் கை போனதும் துள்ளி எழுவார். சின்ன வயதில் இதற்கு அலறாதவர் ஊரில் இல்லை. அதனால், அசையாமல் கிடப்பவரைப் பார்த்து இங்கே யாரும் பதறுவதும் இல்லை.

"ஊரு சீக்கிரம் எந்திரிச்சிடுது. நீ எந்திரிக்காத," என்றாள் நெல்டா. "கிள்ளினாலும் எந்திரிக்காத. நான் காக்கா. நான் வந்து உன் தொப்பியில கொத்தினாத்தான் எந்திரிக்கணும்."

"மூக்கு அரிச்சா?"

"மனசுக்குள்ள சொறிஞ்சுக்க."

[இங்கே ஒரு பகுதியை வெட்டியிருந்தேன். போட்டியன்று சட்டைக்குள் வைக்கோல் திணிக்கும்போது, "இடது தோள் ஒரு மாதிரி இழுக்குது நெல்டா," என்றான் க்ளைட். "இவ்வளவு வைக்கோலத் திணிச்சா யாருக்குத்தான் இழுக்காது," என்றாள். வெட்டியது சரியில்லை. திரும்பச் சேர்த்துவிட்டேன்.]

3

கூடத்து வாசலில் ஊர் ஆம்புலன்ஸ். அதன்மேலும் பஞ்சால் சிலந்தி வலை ஜோடித்திருந்தார்கள்.

கதவோரம் நாற்காலியில், மடியில் மிட்டாய்க் கிண்ணத்தோடு க்ளைட். முகத்தில் கண்ணுக்கு ஓட்டை போட்ட சாக்கு, அதன்மேல் மூக்குவரை இறங்கிய தொப்பி. சட்டைக் கையும் கையுறையும் முழுக்க வைக்கோல். நிஜக் கைகள் இரண்டும் சட்டைக்குள், வயிற்றோடு மடிந்திருந்தன. அசல் பொம்மை என்று நம்ப வைக்க நெல்டாவே செய்த ஏற்பாடு.

ராய் இந்த வருடம் பொரித்த முட்டை. அவன்தான் முதலில் கிண்ணத்தில் கையை விட்டான்.

"டேய் க்ளைட், திருடறேன்டா. எந்திரி."

அசைவில்லை.

பானி தன் கையிலிருந்த இறகு விசிறியால் சாக்கு ஓட்டையில் கிச்சுகிச்சு மூட்டினாள். "முன்னெல்லாம் இதுக்கே தும்மிடுவான். நெல்டா, இவனுக்கு என்னத்தக் குடுத்து பழக்கின?"

"நாப்பது வருஷத்துல முதல் தடவையா சொன்ன பேச்சக் கேட்டிருக்கான். விடு," என்றாள் நெல்டா. பெருமையில் அவள் கறுப்பு இறக்கைகள் விரிந்தன.

நிலையத் தலைவர் வெண்டெல் நீல ரிப்பனோடு வந்தார். ஊரில் எத்தனையோ பேருக்கு மூச்சு மீட்டுக் கொடுத்தவர். குனிந்து பார்த்தார்.

"மூச்சு விடறதுகூடத் தெரியலைங்க. இதுக்குப் பேருதான் கட்டுப்பாடு."

கூடமே கை தட்டியது. அவர் ரிப்பனைக் க்ளைட்டின் மார்பில் குத்தினார். "அடடா, ஊசி ஆழமா எறங்கிடுச்சு. மன்னிச்சுக்க க்ளைட்."

க்ளைட் அசையவில்லை. கைதட்டல் இரட்டிப்பானது.

4

இங்கே நான் பேனாவை வைத்துவிட்டேன். வேடிக்கையாக எதையோ எழுதப்போவதாக நினைத்துத்தான் உட்கார்ந்தேன். அத்தனை பேர் கூடிய இடம், உயிர் காக்கக் கற்றவர்கள், வாசலிலேயே வண்டி. ஒருவருக்கும் தோன்றவில்லை. எழுதிய எனக்கே ஊசி இறங்கிய பிறகுதான் உறைத்தது.

திரும்பிப் போய் வேடத்தை மாற்றலாம். தக்காளி என்றால் முகம் வெளியே இருக்கும். வெளிறியதும் பானி பார்த்துவிடுவாள். குளியல் தொட்டி இன்னும் உத்தமம்: சாய்ந்தால் பலூன்கள் வெடிக்கும், கூடமே திரும்பும். பேய் கூடாது. எலும்புக்கூடு கூடவே கூடாது.

மாற்றி எழுதினேன்:

"இந்த வருஷம் நான் தக்காளி," என்றான்.

"சரி," என்றாள் நெல்டா.

வாய்விட்டுப் படித்தேன். அது நெல்டாவின் குரல் இல்லை. அவள் எதற்கும் முதலில் சரி சொன்னவள் இல்லை. சரியென்று சொல்லு என்று நான் எவ்வளவு மன்றாடியும், தொப்பையைப் பற்றித்தான் பேசினாள்.

இன்னொரு வழி இருக்கிறது. கடையில் கேட்ட அந்தக் கத்தல். க்ளைட் திடீரென்று துள்ளி எழுந்தாலும் நெல்டா கத்தத்தான் செய்வாள். நானே பண்ணின ஏற்பாடு என்னையே பயமுறுத்திடுச்சே என்று அவனை நாலு சாத்து சாத்துவாள். அந்த மூன்று வரிக்கு இதுவும் பொருந்தும். பொருந்தத்தான் செய்கிறது.

ஆனால் இடது தோள் இழுத்ததே. அதை நான்தானே திரும்பச் சேர்த்தேன்.

5

கைதட்டலுக்கு நடுவே நெல்டா அட்டை அலகால் தொப்பியில் கொத்தினாள்.

"எந்திரி க்ளைட்."

இன்னொரு கொத்து. கூட்டம் சிரித்தது.

"ஜெயிச்சாச்சு. போதும்."

அலகைக் கழற்றினாள். காதருகே குனிந்தாள்.

"ரொம்ப ஓவராப் பண்ற. நான் சொன்னேன்னுதான இருக்க? இப்பவும் நான்தான் சொல்றேன். எந்திரி."

அவன் கையைப் பிடித்து இழுத்தாள். கையுறை கழன்று வந்தது. உள்ளே வைக்கோல். மணிக்கட்டு இருக்கவேண்டிய இடத்திலும் வைக்கோல்தான். தானே திணித்தது என்பதுகூட மறந்து நெல்டா கத்தினாள். கைதட்டல் நின்றது.

ராய் மிட்டாயைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான். வெண்டெல், "நகருங்க, நகருங்க," என்றார். யாரோ வாசலில் ஆம்புலன்ஸ்மேலிருந்த சிலந்தி வலையைப் பிய்க்கும் சத்தம். நெல்டா சட்டைப் பித்தானைப் பிய்த்து உள்ளே கையை நுழைத்து, வைக்கோலைக் கை கையாக அள்ளி வெளியே போட்டாள். எங்கேயோ உள்ளே, அவள் மடித்து வைக்கச் சொன்ன இடத்தில், அவன் கை இருக்கிறது. விரல் விரலைத் தொட்டுவிட்டது. பிடித்துவிட்டாள்.

அந்தக் கை திருப்பிப் பிடித்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அங்கேயே, அவள் கையோடு கை வைத்து நிற்கிறேன். உங்களுக்கும் இடம் இருக்கிறது. வைக்கோல் குத்தும், பரவாயில்லை. உள்ளே கையை விட்டுப் பாருங்கள்.