பதினோராம் பக்கத்துக் கழித்தல் குறி

1

அன்பார்ந்த வாசகர் பொறுத்தருள வேண்டும். கதை எழுத எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. அதிலும் வகையீட்டு வடிவியல் குறித்து எழுதத் துணிவது அதிகப்பிரசங்கித்தனம். வளைந்த வெளிகளைப் பற்றிய அந்தக் கணிதம் இன்றி இன்றைய இயற்பியலில் ஈர்ப்பு விசையை நெருங்கவும் முடியாதாம். அதையும் அக்கா சொல்லித்தான் அறிவேன். அக்கா நில அளவையாளர். சென்ற வாரம் பழைய நூலொன்றைப் புரட்டியபடி, "பதினோராம் பக்கத்தப் படிச்சிருந்தா போதும்டா" என்றாள். இக்கதை அந்த ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது.

2

முதல் தொடக்கம்: அன்று நூலகக் கூரைமேல் மழை, வானமே அவளுக்காக—

(மன்னிக்கவும். மழையே பெய்யவில்லை என்று அக்கா அந்த வரியை அடித்துவிட்டாள்.)

இரண்டாம் தொடக்கம்: சனிக்கிழமைதோறும் பிற்பகலில், நூலகத்தின் ஜன்னலோர மேசையில் இருவர் அமர்வார்கள். ஒருத்தி அளவையாளர், மற்றவர் லிஃப்ட் மெக்கானிக். இருவருமே குடும்பச் சூழலால் இயற்பியல் மேற்படிப்பைப் பாதியில் விட்டவர்கள். வேலையில் இருப்போருக்கென்று ஓர் ஆய்வுக்கூடம் இரண்டு இடங்களை அறிவித்திருந்தது. இருவர் கூட்டாக ஒரு கணக்கைத் தீர்த்து அனுப்ப வேண்டும்: ஒரு நட்சத்திரத்தின் உள்ளே காலவெளி எப்படி வளைகிறது?

(மெக்கானிக்கின் நகக்கண்ணில் கிரீஸ் இருந்ததாக எழுதியிருந்தேன். "கை கழுவாம அவர் புத்தகத்தத் தொடவே மாட்டார்" என்று அக்கா சீறினாள். சீறிய வேகத்தைக் கண்டு நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.)

3

"மேடம், நாள் பூரா மேடு பள்ளம் அளக்குறீங்க. இந்த வளைவப் பாத்து இப்படி முழிக்கிறீங்களே!"

"நான் அளக்குற நெலம் சும்மா கெடக்கும். இது புள்ளிக்குப் புள்ளி அளவுகோலையே மாத்துது."

"கயிறு அறுந்த லிஃப்ட்ல எடை தெரியாதுன்னு எங்க ஆளுங்கதான் மொதல்ல கண்டுபிடிச்சிருப்பாங்க. வந்து சொல்லத்தான் யாரும் மிஞ்சல."

அவள் சிரித்த சிரிப்பில் நூலகர் எழுந்தே வந்துவிட்டார்.

வளைவைக் கணிப்பது அவள் பங்கு. அதைப் பருப்பொருளோடு பொருத்தும் சமன்பாடு அவர் பங்கு. நூலகத்தில் எந்த நூலுக்கும் இரண்டாம் படி இல்லாததால், ஆளுக்கொரு நூல். கெடு நாளுக்கு முந்தைய தினம் இருவர் பங்கையும் சேர்த்தபோது, நட்சத்திரத்தின் அடர்த்தி பூஜ்யத்துக்குக் கீழே போயிற்று.

"என்ன மேடம், உங்க நட்சத்திரம் எல்லாரையும் வெளிய தள்ளுது?"

"என் பங்க மூணு தடவ சரிபாத்துட்டேன். தப்பு உங்க பக்கம்தான்."

"அப்போ நான் ஸ்பேனர் புடிக்கத்தான் லாயக்கு. அப்படித்தானே?"

இல்லை என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணக்கு அனுப்பப்படவில்லை. அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. பின்னர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டதாகத் தெரிந்தது.

4

மூன்றாண்டுகளுக்குப் பின், போன வாரம்தான், அவர் பயன்படுத்திய நூலை அக்கா இரவல் எடுத்தாள். பதினோராம் பக்கத்தின் தலைப்பு, 'குறிவழக்குகள்'. வளைவை வரையறுக்கையில் அவளுடைய நூல் கூட்டல் குறி இட்ட இடத்தில் இந்நூல் கழித்தல் குறி இடுகிறது. இரண்டும் வழக்கில் உள்ளவையே. ஒன்றோடொன்று கலக்கத்தான் கூடாது. அவர் கணக்கும் சரி. அவள் கணக்கும் சரி.

5

முடிவு அ: அவள் தொலைபேசியில் அவரை அழைக்கிறாள்.

(எண் மாறிவிட்டது. முயன்றுவிட்டோம்.)

முடிவு ஆ: ஒரு சனிக்கிழமை, நூலகக் கதவைத் திறந்துகொண்டு—

(இதைப் படித்துக் காட்டத் தொடங்கியதும் அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். விட்டுவிட்டேன்.)

"அவர் கம்பெனிக்கு ஒரு லெட்டர் போடலாமேக்கா?"

"என்னன்னு? குறிய மாத்துனா கணக்கு சரியா வருதுன்னா?"

"ஆமா."

"அது அவருக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கும்டா. தெரிஞ்சும் வரலன்னா?"

இப்படிக் கேட்ட பிறகும் அக்கா எழுதினாள். அந்தக் கடிதம் மேசைமேல் இருக்கிறது. உறை இன்னும் ஒட்டப்படவில்லை. அனுப்புவதா வேண்டாமா என்பதை வாசகரே தீர்மானிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். என்னால் இயன்றது, இழந்தவற்றை எழுதி வைப்பது மட்டுமே.

ஆய்வுக்கூடத்தில் இரண்டு இடங்கள். ஏறத்தாழ நூற்றைம்பது சனிக்கிழமைகள். அக்காவின் நூலில், ஒன்பதாம் அத்தியாயத்துக்குப் பிறகு அவள் திறக்காத அத்தியாயங்கள் ஏழு. எதிர் நாற்காலியில் ஒருவர்.