மோரிஸ் மைனருக்குக் காற்று எடுத்த நாள்

மெக்கானிக் ஆதிமூலம் தன் மகள் எழிலரசிக்குத் தலை முழுகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூருக்குப் போய்விட்டாள் என்று தெரிந்த அன்று, தெருவே பார்க்க வாசலில் நின்று, ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, "எம் பொண்ணு செத்துட்டா" என்றார். அதோடு அவர் மனைவி கஸ்தூரியின் பேச்சும் நின்றுபோயிற்று. சோறு போடுவாள், துணி துவைப்பாள். சொல்லியே ஆக வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து, "கேஸ் தீந்துபோச்சு" என்பாள். சுவர் போய்ச் சிலிண்டர் வாங்கி வருமா? ஆதிமூலம்தான் போவார். முதலில் அவருக்குக் கோபம் வந்தது, அப்புறம் அதுவும் வரவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப்போன கால் மாதிரி ஆகிவிட்டார் மனுஷன்.

தொண்ணூற்றாறு ஆவணியில் ஒருநாள், செங்கம் சாலையில் இருந்த அவருடைய ஷெட்டுக்குச் சக்கரவர்த்தி சார் தம் பழைய மோரிஸ் மைனரை உருட்டாத குறையாகக் கொண்டுவந்தார். ரமணாசிரமம் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறவர். கீழ்பென்னாத்தூரில் நிலம் உண்டு.

"பிரேக்கு மறுபடியும் காலை வாருதுப்பா. பின்சக்கரத்துக்கிட்ட ஆயில் ஒழுவுது. நாளைக்குக் காலைல கீழ்பென்னாத்தூர் போவணும்." கொஞ்சம் தயங்கினார். "உன் வீட்டுக்காரம்மாவும் வராங்க. பொண்ணுக்கு வளைகாப்பாமே. ஏழு தூக்குச் சோத்தோட பஸ்ல எப்படிப் போவாங்க? நாந்தான் நம்ம வண்டிலயே வாங்கன்னேன். உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார்" என்றார் ஆதிமூலம். எங்கே தெரியும்! சுவருக்குக்கூட அந்தச் சேதி வரவில்லை.

சார் கிளம்பியதும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். பின்சக்கரத்துக்குப் போகிற பிரேக் பைப் வந்து சேரும் இடத்தில், நட்டுக்குக் கீழே ஒரு சொட்டு தொங்கியது. சித்திரையில் இதே சொட்டுக்கு இதே நட்டை இறுக்கியவர் அவரேதான். ஆனியில் இன்னும் ஒரு சுற்று. எதையும் இறுக்கினால் நின்றுவிடும் என்று நம்புகிற ஆள். கழற்றினால், பைப்பின் விரிந்த வாய் நசுங்கி மயிரிழை போலக் கீறல் விட்டிருந்தது. ஒழுகாமல் அடைப்பதே அந்த வாய்தான். நட்டு அதை அழுத்திப் பிடிக்கிறது, அவ்வளவே. இன்னொரு சுற்று இறுக்கியிருந்தால் நாளைக்கு நடுவழியில் பிய்த்துக்கொண்டு போயிருக்கும். வண்டிக்குள் யார் இருப்பார்கள் என்று யோசித்தார். யோசித்தும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. கை மட்டும் வேலை செய்தது. கெட்ட நுனியை அறுத்தார், அரம் போட்டார், புது நட்டை நுழைத்துக்கொண்டு பைப்பின் வாயைப் புதிதாக விரித்தார். கோணலாக வந்தது. அதையும் அறுத்தெறிந்துவிட்டு இன்னொன்று விரித்தார்.

பைப் மாட்டியாயிற்று. இனி உள்ளே புகுந்த காற்றை எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் கீழே படுத்து சக்கரத்தின் பின்னால் இருக்கும் நிப்பிளைத் திறந்து மூட. அந்த நேரம் பார்த்து மதியச் சாப்பாட்டோடு வந்து நின்றாள் கஸ்தூரி.

"வண்டில ஏறி பிரேக்க மிதிக்கணும்" என்றார்.

அவள் வண்டியைப் பார்த்தாள். நாளைக்குத் தன்னை ஏற்றிப் போகிற வண்டி. பேசாமல் ஏறி உட்கார்ந்தாள்.

"மிதிச்சதும், புடிச்சிட்டேன்னு சொல்லு."

சொல்லிவிடுவாளா! கதவில் வளையலால் ஒரு தட்டு தட்டினாள். ஆதிமூலம் நிப்பிளைத் திறந்தார். நுரையும் ஆயிலுமாகப் பாட்டிலில் இறங்கியது. மூடினார். "வுடு." அப்புறம் "மிதி." தட்டு. இருபது தடவையாவது இருக்கும். இரண்டு வருஷத்தில் அவர்களுக்குள் இத்தனை போக்குவரத்து நடந்ததில்லை. ஆதிமூலத்துக்கு மார்பில் எங்கோ வலித்தது. அட, வலிக்கிறதே என்று ஆச்சரியமாகவும் இருந்தது.

கடைசியில் நுரையில்லாமல் வந்தது. "நல்லா அழுத்திப் புடி, வுட்டுடாத" என்று சொல்லிவிட்டு, புது நட்டைத் துணியால் துடைத்து விரலால் தடவினார். ஈரமே இல்லை. விரலை எடுக்காமல், படுத்தபடியே கேட்டார்.

"நாளைக்கு நானும் வரட்டா?"

தட்டு வரவில்லை. பேச்சு வந்தது. சுவருக்கு இல்லை, நேராக அவருக்கே வந்தது.

"செத்துப்போனவளுக்கு யாருனா வளைகாப்பு பண்ணுவாங்களா? நீ எதுக்கு வர்ற?"

அவள் குரல் உயரக்கூட இல்லை. அதே குரலில், "காலை எடுக்கட்டுமா?" என்றாள்.

"எடு."

மறுநாள் காலை, ஒழுகுகிறதா என்று பார்க்க வண்டிக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாள் காய்ந்தபடியே கிடந்தது. சக்கரவர்த்தி சார் வந்து வண்டியை எடுத்தார். தூக்குகளும் பூவும் கண்ணாடி வளையல் பெட்டியுமாகக் கஸ்தூரி பின்னால் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நூறடி போன வண்டி சட்டென்று நின்றது. பின்விளக்கு சிவப்பாக எரிந்தது. ஆதிமூலத்துக்கு அர்த்தம் புரிந்துவிட்டது. அவள்தான் நிறுத்தச் சொல்லியிருக்கிறாள், தன்னைக் கூப்பிடத்தான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். பாதி தூரத்தில் தெரிந்தது, ஒரு பசு சாலையைக் கடந்துகொண்டிருந்தது. அது கடந்து முடித்ததும் விளக்கு அணைந்தது, வண்டி போயிற்று.

"பிரேக்கு நல்லாப் புடிக்குது" என்றார் ஆதிமூலம், சாலையைப் பார்த்து.