சிவப்புப் பக்கம்

இருபத்தைந்து வருடம் யார்மேலும் எதன்மேலும் உரசாமல் பஸ் ஓட்டினால் ஒரு மனுஷனுக்கு என்ன கிடைக்கும்? முதுகுவலி கிடைக்கும். அது தெரிந்ததுதான். நம்ம டிரைவருக்கு முதுகுவலியோடு ஒரு உறையும் கிடைத்தது. டிப்போவில் எல்லாரையும் நிற்கவைத்துக் கைதட்டச் சொல்லி, மேனேஜரே அவர் கையில் கொடுத்தார். உள்ளே இரண்டு பேருக்கு விமான டிக்கெட், ஓட்டல் அறைக்கு ஒரு சீட்டு. மூன்று பகல், இரண்டு இரவு. ஊர் எதுவென்றால், சூதாட்டக் கூடங்களுக்கும் வண்ண விளக்குகளுக்கும் பேர்போன ஊர். பணக்காரனாகப் போய் ஏழையாகத் திரும்புகிற ஊர் என்று டிப்போவில் கேலி பேசினார்கள்.

"நமக்கென்னப்பா, பாதி வேலை இங்கேயே முடிஞ்சுது" என்றார் டிரைவர்.

அவர் மனைவிக்கு அந்தச் சேதி வாய்ச்சொல்லாக வரவில்லை. ஃபிரிட்ஜ் கதவில், காந்தத்துக்கு அடியில், துண்டுச் சீட்டாக வந்தது. 'நாம ரெண்டு பேரும் பறக்கப்போறோம். கேஸ் தீர்ந்துபோச்சு.' இரண்டும் ஒரே சீட்டில்.

அவர்கள் குடித்தனம் நடந்த விதம் அப்படி. அவள் நகரத்து நடுவே இருக்கும் பெரிய ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்பவள். ஏழாம் மாடி முழுக்க அவள் பொறுப்பு. அதனால் அங்கே அவள் பெயரே 'ஏழாம் மாடி' என்று ஆகிவிட்டது. காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டு இறங்கினால் நாலு மணிக்குத் திரும்புவாள். அவருக்கு இரண்டாம் ஷிப்ட். மதியம் ஒரு மணிக்குப் போய், கடைசி பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வரும்போது அவள் அசந்து தூங்கியிருப்பாள். மகள் சின்னவளாக இருந்தபோது, அவள் பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் வீட்டில் ஒருவர் இருக்கவேண்டும் என்று இருவரும் தாங்களே கேட்டு வாங்கிக்கொண்ட ஏற்பாடு அது. மகள் ஒரு நாளும் பூட்டிய கதவைப் பார்த்ததில்லை. இப்போது அவள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். ஏற்பாடு மட்டும் போகாமல் தங்கிவிட்டது.

வார விடுமுறைகூட அவளுக்குச் செவ்வாய், அவருக்கு வியாழன். செவ்வாய்க்கிழமை அவர் கண்விழிக்கும்போது அவள் துணி துவைத்துக்கொண்டிருப்பாள். வியாழக்கிழமை அவள் வரும்போது அவர் டிவி முன்னால் உட்கார்ந்தபடியே வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருப்பார். மீதிக் குடும்பம் முழுக்க ஃபிரிட்ஜ் கதவில்தான். சண்டைகூட அங்கேதான். ஒருமுறை அவள் எழுதியதற்குப் பதில் எழுத இடம் போதாமல் மின்சார ரசீதின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார் மனுஷன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, அவள் பிழிந்த துணியோடு நிற்கும்போது, டிரைவர் ஒரு நீளத் தாளைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தார். டிப்போவில் தினம் கொடுக்கிற ஓட்ட அட்டவணை மாதிரியே கோடு போட்டு, கட்டம் கட்டி, பென்சிலால் எழுதியிருந்தார். புறப்படும் நேரம், சேரும் நேரம், இடைநிற்கும் நேரம்.

"ஏம்மா, இங்க வா. ஈரக் கையோட தாளைத் தொடாத. முதல் நாள், பதினொண்ணு பதினஞ்சுக்கு ஓட்டல் ரூம். பதினொண்ணு இருபத்தஞ்சுக்குக் கிளம்பறோம்."

"பத்து நிமிஷம்தானா?"

"பெட்டியை வைக்க எவ்வளவு நேரம் வேணும் உனக்கு?"

"சரி. ரெண்டாம் நாள்?"

"நாலரைக்கு எழுந்திரிக்கிறோம். அஞ்சு பத்துக்குக் கோபுரத்து உச்சியில சூரிய உதயம்."

"சூரியன் நம்ம ஊர்லயும்தானேங்க உதிக்குது?"

"இங்க அம்பது மாடிக்கு மேல நின்னு பார்த்திருக்கியா நீ? எட்டு மணிக்கு ஆடுற நீரூற்று. ஒம்பதரைக்குக் கட்டடத்துக்கு உள்ளேயே கால்வாய் வெட்டிப் படகு விட்டிருக்கானாம், அது. ராத்திரி ஏழுலேர்ந்து ஏழு நாப்பது வரைக்கும் சூதாட்டக் கூடம்." தலையை நிமிர்த்தாமல் சேர்த்தார்: "பார்வை மட்டும்."

"அந்த நாப்பது நிமிஷத்துலயே வீட்டை வெச்சு ஆடிடாதீங்க."

"வீட்டை வெச்சா எவனும் எடுத்துக்கமாட்டான். குளியலறைக் குழாய் ஒழுகுது."

அவள் சிரித்தாள். ஆனால் அந்தத் தாளைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் காலில் யாரோ சக்கரம் கட்டிவிட்ட மாதிரி இருந்தது. சொல்லலாமா என்று வாயெடுத்தாள். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, பரீட்சை எழுதி முடித்த பிள்ளை மாதிரி அவள் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வையை என்ன செய்ய?

"நல்லா இருக்குங்க" என்று சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டாள்.

அவளுக்கு வேண்டியதோ ஒன்றே ஒன்றுதான். கோபுரமும் வேண்டாம், கால்வாயும் வேண்டாம். உறையோடு வந்த புத்தகத்தில் ஓட்டல் அறையின் படம் இருந்தது. பெரிய வெள்ளைக் கட்டில். முதலில் அவள் கண்ணில் பட்டது, விரிப்பின் மூலை மடிப்பு சரியில்லை என்பது. 'எந்தப் புள்ள போட்டுச்சோ, அவசரத்துல போட்டிருக்கு' என்று நினைத்துக்கொண்டாள். அப்புறம் இன்னொன்று தோன்றியது. அந்தக் கட்டிலை யாரோ போட்டிருக்கிறார்கள். அவள் போடவில்லை. அவள் போடாத கட்டிலில், அவர் பக்கத்தில், அலாரம் இல்லாமல், வெயில் ஏறும்வரைக்கும் இரண்டு பேரும் கிடக்கவேண்டும். ஒரே ஒரு காலை. இருபத்தாறு வருடத்தில் ஒரு நாளைக்குப் பதினாலு கட்டில் என்று கணக்கில்லாமல் விரித்த கைக்கு, அது ஒன்று போதும். அவள் கட்டிலின் ஒரு பாதி எப்போதும் அவர் இல்லாமலோ, அவர் குறட்டையோடோ இருந்ததே தவிர, விடிந்த பிறகு அவர் முகத்தைப் பக்கத்தில் வைத்து அவள் பார்த்ததே இல்லை என்றால் நம்புவீர்களா? நம்புங்கள்.

ஓட்டலில் ஒவ்வொரு அறைக் கைப்பிடியிலும் ஓர் அட்டை தொங்கும். பச்சைப் பக்கம் வெளியே தெரிந்தால் 'அறையைச் சுத்தம் செய்யவும்'. சிவப்புப் பக்கம் தெரிந்தால் 'தொந்தரவு செய்யாதீர்கள்'. சிவப்பைப் பார்த்தால் அவள் தள்ளுவண்டியைச் சத்தமில்லாமல் நகர்த்திக்கொண்டு போய்விடவேண்டும். சில அறைகளுக்குள்ளிருந்து சிரிப்பு கேட்கும். சில அறைகளில் ஒரு சத்தமும் இருக்காது. அதுதான் அவளுக்கு அதிகப் பொறாமை. அப்படியொரு அட்டையை அவள் உள்ளே இருந்து ஒரு நாளும் மாட்டியதில்லை.

அந்த வாரம் ஓட்டலில் பழைய அட்டைகளைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுசு மாட்டினார்கள். குப்பைப் பையில் கிடந்ததில் ஒன்றை எடுத்துத் துடைத்துச் சட்டைப் பைக்குள் வைத்தாள். சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் தோழி பார்த்துவிட்டாள்.

"எதுக்குடி அது? உன் வீட்டுக்காரர் வாசல்ல மாட்டவா?"

"ஆமா. அவரோட அட்டவணை இதைத் தாண்டி உள்ள வரக்கூடாதுன்னு."

"வாயால சொல்லித் தொலையேன். அவர் என்ன உன்னைக் கடிச்சுத் தின்னுடுவாரா?"

"அவ்வளவு ஆசையா எழுதி வெச்சிருக்காருடி. பென்சிலைச் சீவிச் சீவி எழுதறார். எனக்குத் தூக்கம்தான் வேணும்னு சொன்னா முகம் சுண்டிப்போயிடும்."

"நல்லா இருக்கு கதை. காசு குடுக்காம சொர்க்கத்துக்குக் கூட்டிட்டுப் போறாரு, அங்கேயும் இவ ஷிப்ட் பார்க்கப்போறா" என்று தோழி அழுக்கு விரிப்புகளை உதறினாள்.

அது சுருக்கென்று தைத்தது. வாயால் வராவிட்டால் போகட்டும், அட்டை சொல்லட்டும் என்று முடிவு செய்தாள்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை. டிரைவர் காலையிலேயே எழுந்து, தங்கை வீட்டில் பெட்டி இரவல் வாங்கப் போயிருந்தார். அவள் துணி துவைக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகப் படுக்கையைச் சரிசெய்யவும் இல்லை. படுக்கையறைக் கைப்பிடியில், வெளிப்பக்கம், சிவப்பு தெரிய அட்டையை மாட்டினாள். கதவைச் சாத்திக்கொண்டு கலைந்த விரிப்புக்குள் போய்ப் படுத்தாள். மணி பத்து. அவர் வருவார், அட்டையைப் பார்ப்பார், 'என்னடி இது கூத்து' என்று சிரித்துக்கொண்டே உள்ளே வருவார், அப்போது சொல்லிவிடலாம். நெஞ்சு படபடவென்று அடித்தது. பெண்பார்க்க வந்தபோதுகூட அப்படி அடிக்கவில்லை.

சாவி திரும்பியது. இரவல் பெட்டி கடகடவென்று உருண்டு வந்தது. அதற்கு ஒரு சக்கரம் இல்லை போலிருக்கிறது. செருப்புச் சத்தம் படுக்கையறை வரை வந்து, கதவுக்கு முன்னால் நின்றது.

நின்றது நின்றதுதான்.

அவள் காத்திருந்தாள். கைப்பிடி அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் செருப்பு திரும்பிப் போனது. சமையலறையில் நாற்காலி இழுபடும் சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை. சுவர்க் கடிகாரம் மட்டும். கால்மணி போயிற்று. அரைமணி போயிற்று. அடக் கடவுளே, கோபித்துக்கொண்டாரா? அட்டையின் எழுத்து வெளியே நிற்பவரைப் பார்த்துத்தான் இருக்கும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வெளியே நிற்பவர் அதை எப்படிப் படிப்பார் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை. இருபத்தைந்து வருடம் ஒரு சிவப்பைக்கூடத் தாண்டாத மனுஷனிடமா சிவப்பைக் காட்டினாள்!

எழுந்திருக்கப் போனபோது கதவுக்கு அடியில் சரசரவென்று ஒரு சீட்டு உள்ளே வந்தது.

'உடம்பு சரியில்லையா?'

பாவி மனுஷா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. கதவைத் திறந்திருக்கலாம். பழக்க தோஷம், கை தானாக மேஜைமேல் பென்சிலைத் தேடியது. 'இல்லை' என்று எழுதித் தள்ளினாள்.

வெளியே பென்சில் ஓடும் சத்தம் கேட்டது. நிறைய நேரம் ஓடியது. இரண்டாவது சீட்டு வந்தது.

'அன்னிக்கு நல்லா இருக்குன்னு நீ சொன்ன விதமே சரியில்லை. எனக்கு அப்பவே தெரியும். உனக்கு வர இஷ்டம் இல்லேன்னா பரவாயில்லை. டிப்போவுல வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன். பெட்டியைத் தங்கச்சிகிட்டத் திருப்பிக் குடுத்துடறேன். கோபப்படாதே.'

அவள் சிரிப்பு அடங்கிவிட்டது. கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிய கதையாக இருந்ததே! பாய்ந்து போய்க் கதவைத் திறந்தாள். டிரைவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் அட்டவணைத் தாள். அழிரப்பரால் இரண்டாம் நாளைப் பாதி அழித்துவிட்டிருந்தார்.

"ஏங்க, அந்த அட்டை உங்களுக்கு இல்லைங்க!"

"பின்ன வேற யாருக்கு? வீட்டுல நான்தானே இருக்கேன்?"

"ஊருக்கு. உலகத்துக்கு. உங்களை வெளிய நிறுத்தவா மாட்டினேன்? நம்ம ரெண்டு பேரையும் உள்ள வெச்சுட்டு மத்த எல்லாத்தையும் வெளிய நிறுத்தறதுக்கு மாட்டினேன்."

அவர் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கலைந்த கட்டிலைப் பார்த்தபோதுதான் நிஜமாகத் திடுக்கிட்டார். "என்னம்மா, படுக்கையைக் கூடப் போடலை?"

"அதான் சொல்றேன், உள்ள வாங்க."

அவர் வந்து விளிம்பில் உட்கார்ந்தார், ஓட்டுநர் இருக்கையில் உட்காருவது மாதிரி நிமிர்ந்து. அவள் ஒரே மூச்சில் சொன்னாள். கட்டிலைச் சொன்னாள், மூலை மடிப்பைச் சொன்னாள், அலாரம் இல்லாத ஒரு காலையைச் சொன்னாள். "மத்ததெல்லாம் நீங்க சொல்ற நேரத்துக்கு ஓடி வரேங்க. கோபுரம், படகு, எல்லாம். ஒரே ஒரு காலைல மட்டும் நாம எந்திரிக்க வேண்டாம்."

அவர் பென்சிலை விரல்களுக்குள் உருட்டினார். முகம் சுண்டித்தான் போயிற்று என்று அவளுக்குத் தோன்றியது. பார்த்தால், தாளின் ஓரத்தில் எதையோ எழுதி அவள் பக்கம் தள்ளினார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சீட்டு!

'மூணு நாள் முழுசா உன்கூட இருந்தா என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியலை. நான் பேசி உனக்குச் சலிச்சுப் போச்சுன்னா? அதான் எல்லா நேரத்தையும் நிரப்பினேன்.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். அஞ்சு பத்துக்குச் சூரிய உதயம் என்பதற்குப் பின்னால் இவ்வளவு பயம் ஒளிந்துகொண்டிருந்ததா? கண் கலங்கியது, கலங்கின கண்ணோடே பென்சிலை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். எழுதவில்லை. கீழே வைத்தாள்.

"இப்ப என்ன பேசிக்கிட்டு இருக்கோம்?"

"நீ திட்டறே."

"சலிச்சுதா?"

"இல்லை."

"அங்கேயும் திட்டறேன். போதுமா?"

டிரைவர் சிரித்துவிட்டார். தாளை மடியில் இழுத்து, இரண்டாம் நாளில் மதியம் வரைக்கும் மிச்சமிருந்ததையும் அழித்தார். வெறுங்கட்டத்தை விட்டுவைக்க அவர் கைக்கு வராது. டிப்போவில் ஓடாத வண்டிக்கு எப்படி எழுதுவார்களோ, அப்படியே கொட்டை எழுத்தில் எழுதினார்: 'வண்டி இயங்காது.'

"சூதாட்டக் கூடம்?" என்றாள் அவள்.

"அது நாப்பது நிமிஷம் இருக்கட்டும். போய்ப் பார்க்கலேன்னா டிப்போவுல மானம் போயிடும்."

மணி பதினொன்று ஆகியிருந்தது. அவர் ஒரு மணிக்குப் போகவேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், எழுந்து போய் அட்டை நேராகத் தொங்குகிறதா என்று சரிபார்த்து, கதவைச் சாத்திவிட்டு வந்தார். "ஒத்திகை பார்த்துக்கலாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே கலைந்த விரிப்புக்குள் காலை நீட்டினார். ஜன்னல் வெயில் அவர் முகத்தில் விழுந்தது. காதோரம் இவ்வளவு நரைத்திருப்பதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

கூடத்தில் போன் அடித்தது. நாத்தனாராகத்தான் இருக்கும், பெட்டிச் சாவியைக் கொடுக்க மறந்திருப்பாள். டிரைவர் பழக்கத்தில் எழப்போனார். அவள் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

போன் விடாமல் அடித்தது.

"அதுக்குப் படிக்கத் தெரியாது போல" என்று சொல்லிவிட்டு, அவர் திரும்பவும் தலையணையில் சாய்ந்தார்.