வியாழக்கிழமை வரை

லாமா பஞ்சாங்கத்தை மடியில் விரித்துக்கொண்டு கேட்டார்: "எந்தக் கிழமைல மூச்சு நின்னுது?"

கியால்ஜென் பனியில் புண்ணாகித் துணி சுற்றிய விரல்களுக்கிடையில் கிண்ணத்தை இடுக்கிப் பிடித்திருந்தான். அடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் தம்பி நூரியின் மனைவி யாங்ஜி வெண்ணெய்த் தேநீரைக் கடைந்துகொண்டிருந்தாள். டார்ஜிலிங்கில் இரண்டு நாளாக மழை விடவில்லை.

"கடுதாசியில திங்கட்கிழமைன்னு இருக்கு," என்றாள் அவள். "தூக்கத்துலயே போயிட்டாராம், வலியே இல்லையாம். மேஜர் சாகிப் எழுதியிருக்கார். குமாஸ்தா ரெண்டு தடவை படிச்சுக் காட்டினார்."

"காகிதம் கிடக்கட்டும். கூட இருந்தவன் வரட்டும்னுதானே இத்தனை நாள் காத்திருந்தேன்." லாமா அவன் பக்கம் திரும்பினார். "உயிர் போன நாள்லேருந்து ஏழேழா நாப்பத்தொன்பது நாள் எண்ணணும், கியால்ஜென். ஒவ்வொரு ஏழாம் நாளும் அவன் திசை தெரியாம நிப்பான். அன்னைக்கு நான் பேர் சொல்லி வழி காட்டணும். ஒரு நாள் பிசகினாலும், நான் கூப்பிடுற இடத்துல அவன் இருக்க மாட்டான்."

திங்கட்கிழமை என்று ஒரு சொல் சொன்னால் போதும். சாகிப்பின் கடிதமும் அதைத்தான் சொல்கிறது. மலையிலிருந்து ஊருக்கு வந்த மூன்று நாளில் எத்தனையோ பேர் கேட்டார்கள், எல்லோரிடமும் அவன் தலையை மட்டும் ஆட்டியிருந்தான். ஆனால் அவர்களில் யாரும் நூரிக்கு வழி சொல்லப் போகிறவர்கள் அல்ல.

அந்தத் திங்கட்கிழமை அவன் தம்பியை சிகரத்துக்குக் கீழே ஐந்தாம் முகாமில் விட்டுவிட்டு வந்தான். உயிரோடுதான் விட்டுவிட்டு வந்தான்.

நான்கு நாள் புயலில் நூரியின் பாதங்கள் மரக்கட்டையாகிவிட்டன. மலையேற்றக் குழுவின் தலைவர் மேஜர் சாகிப்புக்குப் பனி வெளிச்சத்தில் கண் போயிருந்தது. கீழே இறங்கியாக வேண்டும் என்று சாகிப் உத்தரவிட்டார். இறங்க முடிந்தவன் கியால்ஜென் ஒருவன்தான்.

"அவருக்குக் கண்ணு தெரியல, எனக்குக் காலு இல்ல," என்று நூரி சிரித்தான். உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. "ரெண்டு பேரையும் சேத்துத் தைச்சா ஒரு ஆள் தேறும். போண்ணே. அந்தக் குருட்டு யாக் மாட்டை ஓட்டிக்கிட்டு இறங்கு. நடுவுல எங்கயும் மேய விட்டுடாதே."

"நாளைக்கு ஆளோட வந்துடுவேன்டா."

"வரும்போது டீ கொண்டா. மூணு கிண்ணம். ஒண்ணோட நிறுத்தினே, யாங்ஜிகிட்ட சொல்லிக் குடுத்துடுவேன்."

வந்தவர் கிண்ணத்தை மூன்று முறையாவது நிரப்பாமல் விட்டால் அந்த வீட்டுக்குத்தான் அவமானம். யாங்ஜி மூன்றோடும் நிறுத்துகிறவள் இல்லை. மறைக்கும் கையை விலக்கிவிட்டு ஊற்றுவாள்.

அரை டப்பா சத்துமாவு, ஒரு மெழுகுவர்த்தி, அடியில் கொஞ்சம் எண்ணெய் இருந்த அடுப்பு. இவ்வளவையும் தம்பியின் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு அவன் இறங்கினான்.

"திங்கட்கிழமைதானே?" லாமா எழுதுகோலை எடுத்தார்.

"இல்லை."

தேநீர் கடையும் சத்தம் நின்றது.

"வியாழக்கிழமை வரைக்கும் இருந்தான்," என்றான் கியால்ஜென். "செவ்வாயும் புதனும் மேல எதுவும் தெரியல. வியாழன் உச்சிவேளையில மேகம் கொஞ்சம் விலகிச்சு. நாலாம் முகாம்லேருந்து சாகிப்போட தூரக்கண்ணாடியில பாத்தேன். மேல கூடார வாசல்ல விழுந்த பனியை யாரோ தள்ளியிருந்தாங்க. கூடாரக் கம்புல சிவப்பா ஒண்ணு கட்டியிருந்துது. திங்கட்கிழமை நான் இறங்கும்போது அது அங்க இல்லை."

"சிவப்பு மப்ளரா?" என்றாள் யாங்ஜி.

"ஆமா."

அது அவள் பின்னிக் கொடுத்தது.

"வெள்ளிக்கிழமை காலையில திரும்பவும் மேகம் விலகிச்சு. கூடாரம் இருந்த இடம் மேடா இருந்துது. சிவப்பு தெரியல. அன்னைக்கே எல்லாரையும் கீழ இறக்கிட்டாங்க."

யாங்ஜி எழுந்து வந்து அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். அழவில்லை.

"வியாழக்கிழமை அதைப் பாத்தப்புறம் நீங்க மேலே போகலையா, பெரியத்தான்?"

"போனேன்."

"எவ்வளவு தூரம்?"

பனி மார்பளவு இருந்தது என்றும், விரல்கள் கயிற்றைப் பிடிக்கவில்லை என்றும், மற்றவர்கள் யாரும் கூட வரவில்லை என்றும் அவன் சொல்லியிருக்கலாம். அத்தனையும் உண்மைதான்.

"பத்தடி."

"யாராவது தடுத்தாங்களா?"

"இல்லை. நானேதான் திரும்பினேன்."

மழை தகரத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. லாமா பஞ்சாங்கத்தைப் பார்த்து விரல்விட்டு எண்ணினார்.

"அப்போ வெள்ளிக்கிழமையை முதல் நாளா வச்சுக்குறேன். இன்னைக்குப் புதன், இருபதாம் நாள். நாளைக்கு மூணாவது ஏழு. முதல் ரெண்டு ஏழுலயும் அவனை யாரும் கூப்பிடலை. நாளைக்குக் கூப்பிடலாம்." பஞ்சாங்கத்தை மூடித் துணியில் சுற்றினார். "நீ சொல்லாம இருந்திருந்தா நாளைக்கும் திசை தெரியாம நின்னிருப்பான்."

யாங்ஜி தேநீர்ப் பானையைக் கொண்டுவந்தாள். கணவனின் கிண்ணத்தைப் பலகையிலிருந்து எடுத்துத் துடைத்து, அடுப்பின் அருகே வைத்து, விளிம்பு வரை ஊற்றினாள். ஆறியதும் அதை வெளியே கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினாள். பிறகு இன்னொரு முறையும். லாமா கையால் கிண்ணத்தை மறைத்தபோது அவர் கையை விலக்கிவிட்டு ஊற்றினாள்.

கியால்ஜெனுக்கு ஒரு முறை ஊற்றினாள்.

அவன் குடித்து முடித்தான். வெறும் கிண்ணத்தைப் பலகையில் வைத்தான். அதைக் கையால் மறைக்கவில்லை. யாங்ஜி பானையை அடுப்பின் மேல் வைத்துவிட்டு, மறுநாள் பூஜைக்கான வெண்ணெய் விளக்குகளுக்குத் திரி திரிக்க உட்கார்ந்தாள்.

அவன் காத்திருந்துவிட்டு எழுந்தான். வாசலில் குனிந்து பூட்ஸைத் தேடினான். கட்டுப் போட்ட விரல்களால் அதன் கயிற்றைக் கட்ட முடியவில்லை. யாரும் வந்து கட்டிவிடவில்லை.