கூரையில் விழுந்த கல்

'தட்' என்று மறுபடியும் கேட்டது. தேநீரை அப்படியே வைத்துவிட்டுக் கஜந்தி முற்றத்துக்கு ஓடினாள். தட்டையான கொங்கிறீற் கூரையில் குரங்கு எதுவும் இல்லை. மதிலுக்கு அப்பால் துசானி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

உட்துறைமுகத்துக்கு இறங்கும் அந்த ஒழுங்கையில் கூரைக்கு அடியில் பீவீசி சீலிங் இல்லாதது துசானியின் வீடு மட்டும்தான். முகநூலில் ஒருவர் வீட்டுப் படத்தைப் பார்த்து மற்றவரும் சீலிங் போட்டார்கள். மகள் விதுசா பெரியபிள்ளையானபோது, சாமத்திய வீட்டுக்கு வீடியோக்காரர் வருமுன் கஜந்தியும் போட்டாள். பளபளக்கும் வெள்ளைப் பலகைகள், ஓரமெல்லாம் நீல வெளிச்சம். வந்தவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள். துசானி மட்டும், "வடிவாத்தான் இருக்கு. மேல இருந்த வெடிப்பை என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி கஜந்திக்கு முள்ளாய்க் குத்தியது. அதற்குப் பிறகுதான் இந்தச் சத்தம். கண்ணூறாக இருக்கும் என்று வாசலில் தேசிக்காயும் மிளகாயும் கட்டினாள். சத்தம் நிற்கவில்லை.

இன்று அவளால் பொறுக்க முடியவில்லை. "எரிச்சல் எண்டால் நேர வந்து கதையும். என்ர வீட்டுக்குக் கல்லெறியாதையும்!"

"எனக்கென்ன விசரே? எறிஞ்ச கல் கூரையிலதானே கிடக்கும். ஏறிப் பாருங்கோவன்!"

வேலையால் வந்த கணவன் கிரிசாந் ஏணி வைத்து ஏறினான். காக்கை எச்சத்தைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை.

"கல்லைக் காணேல்லையப்பா."

"அவ எடுத்திருப்பா."

"பறந்து வந்தோ?"

அவன் சொல்லி முடிக்குமுன் 'தட்' என்றது. கூரையில் எதுவும் விழவில்லை. சத்தம் அவன் காலுக்குக் கீழே இருந்து வந்தது.

உள்ளேயிருந்து விதுசா கத்தினாள். "அம்மா, என்ர கட்டிலுக்கு மேல சீலிங் தொங்குது!"

கஜந்தி ஓடிப்போய் மகளை வெளியே இழுத்தாள். அடுத்த கணம் பலகை பிரிந்து, அதன்மேல் ஒவ்வொன்றாய் விழுந்து சேர்ந்திருந்த கொங்கிறீற் கட்டிகள் தலையணையில் கொட்டுண்டன. மேலே, துருவேறிய கம்பிகள் எலும்பு மாதிரித் தெரிந்தன.

கடல்மண்ணை உப்புப் போகக் கழுவாமல் குழைத்துக் கட்டிய வீடு அது. சீலிங் போடுவதற்கு முன்பு, உதிர்ந்த காரையைக் காலையில் கூட்டி அள்ளியவள் கஜந்திதான். "பூச்சு வேலையைப் பிறகு பாப்பம், முதல்ல சீலிங்" என்று சொன்னவளும் அவள்தான்.

சத்தம் கேட்டுப் படலையைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்த துசானி, விதுசாவின் தலையைத் தடவிப் பார்த்தாள். "பிள்ளைக்கு ஒண்டுமில்லையே?"

கஜந்தி தலையணையிலிருந்து ஒரு கட்டியை எடுத்தாள்.

"கல்லெறிஞ்சது நான்தான் துசானி. சந்தேகப்பட வேண்டியது என்ர கூரையை. நான் உம்மைச் சந்தேகப்பட்டன்."

பிறகு ஏணியால் இறங்கி வந்த கணவனிடம் திரும்பினாள். "இதைப் படம் எடுத்து முகநூலில போடுங்கோ."

"இதையோ? சனம் சிரிக்குமப்பா."

"சிரிக்கட்டும். வடிவைப் பாத்து ஒழுங்கை முழுக்கப் போட்டதுகள்தானே, இதைப் பாத்து ஒரு வீடாவது சீலிங்கைக் கழட்டிப் பாக்கட்டும். வெடிப்பை மூடினால் எங்கட கண்ணுக்குத்தான் தெரியாது. வீடு விழுறதை அது நிப்பாட்டாது."