புறங்கையில் சோதித்த ஸ்க்ரப்

அந்தத் தெருவில் பியூட்டி என்றால் ஒருத்திதான். வீட்டின் முன்னறையில் ஒரு சாய்வு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, சுவரோரம் ஒரு வாஷ்பேசின், அதுதான் அவளுடைய பார்லர். புருவம் திருத்த வந்தவர்கள்கூட ஃபேஷியலும் செய்துகொண்டு போவார்கள். ஆனால் என்ன பிரயோஜனம்? தெருவே முகத்தை நீட்டியது, சொந்த நாத்தனார் நீட்டவில்லை. அந்தக் குறை அவளுக்குக் கொஞ்சநஞ்சமில்லை.

கணவனின் அக்காவை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். அண்ணிக்கு பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் கவுண்டரில் வேலை. வாய்த்த தோல் அப்படி: சோப்பை மாற்றினால் சிவக்கும், வெயில் பட்டால் சிவக்கும், யாராவது திட்டிவிட்டால் கேட்கவே வேண்டாம். தம்பிக்காரன் சின்ன வயதிலிருந்தே தக்காளி என்றுதான் கூப்பிடுவான். பச்சைத் தண்ணீரில் முகம் கழுவி, ஏதோ ஒரு க்ரீமைத் தடவிக்கொண்டே ஐம்பது வயதை ஓட்டிவிட்டாள் மகராசி.

இப்போது அந்தத் தக்காளிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பஸ் தாமதமானதற்குக் கவுண்டரில் வந்து சண்டை போட்ட ஆள், மறுநாள் மன்னிப்புக் கேட்க வந்தார், அப்புறம் சும்மாவே வந்தார். பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, ஒரு போட்டோ, வீட்டில் சாப்பாடு, அவ்வளவுதான் ஏற்பாடு. அண்ணிக்கு ஒரே ஒரு ஆசை. மூக்கோரத்திலும் கன்னத்திலும் தோல் பொருக்குப் பொருக்காக உரிந்து நிற்கிறது, பவுடர் போட்டால் திட்டுத் திட்டாக ஒட்டுகிறது, அது மட்டும் போக வேண்டும். அவர் நாள் முழுக்க அடுத்தவர் மூஞ்சியைக் கிட்டத்தில் பார்க்கிற மனுஷன், எல்லாம் தெரியும் என்று வெட்கத்தோடு சொன்னாள்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தாற்போல் ஆயிற்று பியூட்டிக்கு. பார்லரில் இருந்த, தோலைத் தேய்த்து உரித்தெடுக்கும் ஸ்க்ரப்களிலேயே சாதுவான ஒன்றை எடுத்தாள். வழக்கம்போல் தன் புறங்கையில் தேய்த்துப் பார்த்தாள். பூ மாதிரி இருந்தது. அண்ணியைச் சாய்த்து உட்கார வைத்து, வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். அண்ணி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். எரிகிறதா என்று இவளும் கேட்கவில்லை, எரிகிறது என்று அவளும் சொல்லவில்லை. ரெண்டு பேரும் நல்லவர்களாக இருந்தால் இப்படித்தான் வினை வந்து சேரும்.

சாயந்தரத்துக்குள் முகம் பழுத்துவிட்டது. மறுநாள் அண்ணி மாஸ்க்கோடு கவுண்டரில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளையிடம் ஜலதோஷம் என்று சொல்லி ஜன்னல் வழியாகவே திருப்பி அனுப்பினாள். பியூட்டியை ஒரு வார்த்தை திட்டவில்லை. என் தோலுக்கு நீ என்னம்மா பண்ணுவே என்றதோடு சரி, அந்தப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் பியூட்டிக்குச் சோறாவது இறங்கியிருக்கும். கல்யாண போட்டோவும் போச்சு, அண்ணி இனி இந்த ஜென்மத்தில் முகத்தைக் கொடுக்கமாட்டாள் என்று புலம்பித் தீர்த்தாள்.

தப்பு எங்கே என்றுதான் புரியவில்லை. அதே ஸ்க்ரப், அதே கை. ஒருநாள் காலையில் பால் பொங்குகிறதென்று ஓடிப்போய்ப் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி வைத்தாள். பின்னாலேயே வந்த கணவன் அதைத் தொட்டுவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டு குதித்தான். உனக்குச் சுடவே இல்லையா, இது கையா கரண்டியா என்றான்.

பியூட்டி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ப்ளீச், வேக்ஸ், வெந்நீர், ஸ்பிரிட் என்று எல்லாவற்றிலும் ஊறி உள்ளும் புறமும் மரத்துப்போன கை. இதை வைத்தா இத்தனை நாள் அடுத்தவர் முகத்துக்கு அளவு பார்த்தோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்றைக்கே அண்ணி வீட்டுக்குப் போனாள். "உங்க தோல்மேல தப்பே இல்ல அண்ணி. என் கைதான் தப்பு," என்று கையை நீட்டினாள். அண்ணி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, சப்பாத்திக் கட்டை தோற்றது போ என்று சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு தண்ணீரையும் வாசனையில்லாத க்ரீமையும் தவிர எதையும் முகத்துக்கிட்டே கொண்டுபோகக் கூடாதென்று கட்டளை போட்டுவிட்டு வந்தாள் பியூட்டி. சிவப்பு அடங்கியது. பொருக்கு மட்டும் விடாப்பிடியாக நின்றது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அண்ணி தானாகவே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பியூட்டிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊறவைத்த ஓட்ஸைப் பிழிந்த தண்ணீரை அதற்கு முந்தின நாளே வீட்டுக்குப் போய் அண்ணியின் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்திருந்தாள், சிவக்கவில்லை. ஆனாலும் பயம் போகுமா? மெல்லிய பருத்தித் துணியை அந்தத் தண்ணீரில் நனைத்து, வெதுவெதுப்பு சரியா என்று அண்ணியின் மணிக்கட்டிலேயே வைத்துக் கேட்டுக்கொண்டு, கன்னத்தில் போர்த்தினாள். தேய்க்கவில்லை. தோல் ஊறட்டும் என்று காத்திருந்து, கன்னத்துக்கே தெரியாத மாதிரி ஒற்றி வழித்தாள். ஒவ்வொரு தடவையும் எரியுதா, எரியுதா என்று கேட்டாள். இன்னொரு தரம் கேட்டால் எழுந்து போய்விடுவேன் என்றாள் அண்ணி.

பொருக்கு துணியோடு வந்தது. மூக்கோரம் முடித்து நெற்றிக்கு வந்து, பழக்கதோஷத்தில் மறுபடி எரியுதா என்றாள். பதில் இல்லை. பதறிப்போய்க் குனிந்து பார்த்தால், அண்ணி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

பியூட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. க்ரீமைத் தடவிவிட்டு, வாசல் கதவைச் சாத்தி, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அண்ணி விழித்ததும் கைக்கண்ணாடியை எடுத்து நீட்டினாள்.

அண்ணி அதை வாங்கவில்லை. எழுந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள்.

"எனக்கு எதுக்குக் கண்ணாடி? அதான் நீ பார்த்துட்டியே," என்றாள்.